சிமிலிபால் கரும்புலி: இருட்டுக்காடுதான் காரணமா?

மரபணு முருகன்:
நம் மன்றத்தின் புலிகள் பகுதியில் நேற்று ஒரு மேதாவி எழுதியிருக்கிறார்: "ஒடிசாவின் சிமிலிபால் காடு இருட்டானது. அதற்கு ஏற்றபடி அங்குள்ள புலிகள் கருப்பாகிக்கொண்டன." புலி என்ன, கடைக்குப் போய்ச் சாயம் வாங்கி வந்ததா? பெங்களூரு தேசிய உயிரியல் மையத்தின் உமா ராமகிருஷ்ணன் குழு 2021-லேயே கட்டுரை போட்டாகிவிட்டது. டேக்பெப் என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது. தாய், தகப்பன் இரண்டு பக்கமிருந்தும் அது வந்தால் கோடுகள் தடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இருட்டாவது கிருட்டாவது.

காட்டுவழிச் சேகர்:
மேதாவி நான்தான். பெயரைச் சொல்லியே எழுதலாம், பயப்பட வேண்டாம். எழுத்து மாறியது சரி. மாறியது அங்கே மட்டும் ஏன் தங்கியது? அடர்ந்த சால மரக்காடு, உள்ளே இருட்டு. கருத்த புலிக்கு வேட்டை சுலபம். இதைத்தான் சொன்னேன்.

மரபணு முருகன்:
சுலபம் என்று எந்த மான் வந்து சொன்னது? வெளியிலிருந்து புதுப் புலி வராத சின்னக் கூட்டம் அது. அதில் ஏதோ ஒரு புலியின் குட்டிகள் அதிகம் பிழைத்தால் போதும், அதன் மரபணு மேலே ஏறிவிடும். நல்லது கெட்டது பார்க்காது. இதற்குப் பெயர் டிரிஃப்ட். அங்குள்ள புலிகளின் டேக்பெப் பிரதிகளில் மாறிய வடிவம் 58 சதவீதம். இரண்டு பக்கமிருந்தும் வர வேண்டுமே, அதனால் 0.58-ஐ 0.58-ஆல் பெருக்குங்கள், 0.34 வரும். அங்கே கருத்த புலிகள் ஏறக்குறைய 37 சதவீதம். கணக்கு உதைக்கவில்லையே?

காட்டுவழிச் சேகர்:
2022 கணக்கெடுப்பில் 16 புலி, அதில் 10 கருப்பு. அது 62 சதவீதம் சார். 37 எங்கே போயிற்று? ஏறிக்கொண்டே போகிறது என்றால் காரணம் இருட்டு.

மரபணு முருகன்:
16 புலியை வைத்துக்கொண்டு சதவீதம் பேசுகிறார்! நாலு புலி கேமராவில் விழுந்தால் ஒரு கணக்கு, விழாவிட்டால் வேறு கணக்கு. எண்ணிக்கை சின்னதானால் இப்படித்தான் ஆடும். நான் சொன்னதையே எனக்குச் சாட்சியாகக் கொண்டு வந்ததற்கு நன்றி.

குயிலி:
ஆனைமலைக் காடு மட்டும் வெளிச்சமா? அங்கே ஏன் கரும்புலி இல்லை?

காட்டுவழிச் சேகர்:
கருஞ்சிறுத்தை இருக்கிறதே! ஈரமான அடர்காட்டில்தானே அது அதிகம்? அப்போது மட்டும் இருட்டு காரணம், புலிக்கு வந்தால் கிடையாதோ?

மரபணு முருகன்:
சிறுத்தைக்கு வேறு மரபணு, அகூட்டி. அதில் உடம்பே கருக்கும். புலியில் கோடுதான் தடிக்கிறது, நடுவில் மஞ்சள் அப்படியே தெரியும். டேக்பெப் கெட்டால் வீட்டுப் பூனைக்குக் கோடு கலைந்து சுழல் சுழலாக வரும், ஆப்பிரிக்காவில் கிங் சீட்டா என்ற அரிய சிவிங்கிப்புலிக்குப் புள்ளிகள் ஒட்டி முதுகில் பட்டையாக ஓடும். 2012-லேயே கண்டுபிடித்தது. கிங் சீட்டா எந்த இருட்டில் வேட்டையாடுகிறதாம்?

காட்டுவழிச் சேகர்:
நான் கேட்டது சிமிலிபால். ஆப்பிரிக்கா வரை ஓட வேண்டாம். இருட்டுக்குப் பதில் இல்லை என்று எழுதிவிட்டுப் போங்கள்.

பெருமாள் வாத்தியார்:
தம்பிகளா, வண்டலூரிலும் கரும்புலி உண்டு. ஒடிசாவின் நந்தன்கானன் உயிரியல் பூங்கா வம்சம் அது. கூண்டுக்குள் என்ன காடு, என்ன இருட்டு? சொந்தத்துக்குள்ளேயே சேர்ந்தால் ஒளிந்திருப்பது வெளியே வரும். மத்தியப் பிரதேசத்து ரேவாவில் 1951-இல் பிடித்த வெள்ளைப்புலி மோகனை அதன் மகளோடு சேர்த்துத்தான் வெள்ளைக் குட்டிகளை எடுத்தார்கள். இதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கே புரிய வைத்திருக்கிறேன். இங்கேதான் முடியவில்லை.

நெல்லை ராசா:
வாத்தியார் ஐயா, வெள்ளைப்புலியைப் பார்க்கத்தானே கூட்டம் வருகிறது? அதில் என்ன தப்பு?

பெருமாள் வாத்தியார்:
மாறுகண்ணோடு பிறக்கிறதே, அதில் உமக்கு என்ன சந்தோஷம்?

நெல்லை ராசா:
சரி, அதை விடுங்கள். 2024-இல் மகாராஷ்டிராவின் தடோபா காட்டிலிருந்து ஜீனத், ஜமுனா என்று இரண்டு பெண்புலிகளைச் சிமிலிபாலில் கொண்டுபோய் விட்டார்களே, எதற்கு? இருக்கிற கருப்பும் போய்விடாதா? ஜீனத்துக்கே அந்த இடம் பிடிக்காமல் ஜார்கண்ட் வழியாக வங்காளம் போய், பாங்குராவில் மயக்க ஊசி போட்டுப் பிடித்தார்கள்.

காட்டுவழிச் சேகர்:
பாருங்கள்! வெளிச்சக் காட்டுப் புலிக்கு இருட்டுக் காடு ஒத்துவரவில்லை.

மரபணு முருகன்:
ஐயோ! புதிதாகக் கொண்டுபோய் விட்ட புலி இடம் தேடி அலைவது புதிதா? கூட்டத்தில் புது ரத்தம் சேரட்டும் என்றுதான் விட்டார்கள். சேகர் கிர் சிங்க விவாதத்திலும் இப்படித்தான். "வேறு இடத்தில் விட்டால் சிங்கம் வீரியம் இழக்கும்" என்று சொல்லிவிட்டு, கேட்ட கேள்விக்குப் பதில் தராமல் காணாமல் போனார்.

காட்டுவழிச் சேகர்:
காணாமல் போகவில்லை, என்னை இரண்டு வாரம் முடக்கி வைத்தார்கள். யார் புகார் கொடுத்தது என்று எனக்குத் தெரியும்.

மரபணு முருகன்:
நானில்லை. ஆனால் கொடுத்தவருக்கு ஒரு டீ வாங்கித் தருவேன்.

குயிலி:
சிமிலிபாலுக்குப் பக்கத்து ஊரான பாரிபதா பக்கம் கரும்புலி சஃபாரி வரும் என்று 2024-இல் அறிவித்தார்களே, திறந்துவிட்டார்களா?

பெருமாள் வாத்தியார்:
மறுபடியும் கூண்டா? அதைத்தானம்மா வேண்டாம் என்கிறேன்.

நெல்லை ராசா:
வேண்டாமென்றால் நீங்கள் போகாதீர்கள் ஐயா. டிக்கெட் காசு நாங்கள்தானே தரப்போகிறோம்?