லைட் எக்ஸ்ட்ராக்‌ஷன்: திங்கட்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

வணக்கம். முதுகலை மாணவர்களுக்கு ஆழ் புற ஊதா எல்இடி பற்றித் தமிழில் பாடக்குறிப்பு எழுதுகிறேன். திங்கட்கிழமை வகுப்பு. தண்ணீரில் கிருமி கொல்லும் 254 நானோமீட்டர் பாதரச விளக்கின் இடத்துக்கு வர வேண்டிய விளக்கு இது. உள்ளே பிறக்கும் ஒளிதான் வெளியே வருவதில்லை. இந்த எல்இடியின் படிகமான அலுமினியம் காலியம் நைட்ரைடின் ஒளிவிலகல் எண் சுமார் 2.5. ஆகவே செங்குத்திலிருந்து 24 டிகிரிக்கு மேல் சாய்ந்த கதிர் முழு அக எதிரொளிப்பில் திரும்பிவிடும். திரும்பியதை மின்முனையை ஒட்டிய காலியம் நைட்ரைடு அடுக்கு விழுங்கிவிடும். 365 நானோமீட்டருக்குக் கீழே அது ஒளியை விடாது. இந்த ஒளியை வெளியே எடுப்பதை 'ஒளிப் பிரித்தெடுப்பு' என்று எழுதினேன். "நிறப்பிரிகையா மேடம்?" என்றாள் ஒரு மாணவி.
– கோவை

அம்மா, 'ஒளிப்புறப்பாடு' என்று வையுங்கள். கோயிலுக்குள் இருக்கும் சுவாமி வீதிக்கு வருவது புறப்பாடுதானே? இன்னொன்று: ஒளிதல் என்றால் மறைதல். படிகத்துக்குள் ஒளிந்த ஒளி புறப்படுகிறது! கிளிக்கூடு போல ஆறாம் வேற்றுமைத் தொகை, வலி மிகும். இந்த 'ஒளி' இரண்டும் ஒரே வேரா என்று தனி மடல் எழுதுகிறேன்.
– தஞ்சை

ஐயா, வலி மிகுந்தால் கண் முதலில் 'ஒளிப்பு' என்றே படிக்கும். அது மறைப்பு, நேர் எதிர்ப்பொருள். அதோடு புறப்படுதல் தன்வினை. இங்கே ஒளி தானாக வரவில்லை, பொறியாளர் வரவழைக்கிறார். பேசாமல் எக்ஸ்ட்ராக்‌ஷன் என்றே விடலாம், வேலைக்குப் போகிற பிள்ளைக்கு அதுதான் உதவும்.
– சென்னை

'மீட்பு' எப்படி? மீள் தன்வினை, மீட்பு பிறவினை. அப்புறம், எவ்வளவு ஒளி வெளியே வருகுது என்கிற எஃபிஷியன்சியைத் 'திறன்' என்று மட்டும் எழுதாதேயுங்கோ. உங்கட பாடநூலில் பவரும் திறன்தானே? எங்களுக்கு அது வலு, மற்றது வினைத்திறன். குவாண்டம் கணக்கில் எண்ணுவது ஃபோட்டான்களை, அதாவது ஒளித்துகள்களை; பவரின் அலகான வாட்டை அல்ல.
– யாழ்ப்பாணம்

மிக்க நன்றி. 'ஒளி மீட்புப் பயனுறுதிறன்' என்று அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். பயனுறுதிறன் எங்கள் மாணவர்கள் பள்ளியிலேயே படித்த சொல். ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனக் குழு 2017இல் 275 நானோமீட்டரில் 20.3 விழுக்காடு புறக் குவாண்டம் பயனுறுதிறனை (செலுத்திய எலக்ட்ரான்களின் எண்ணிக்கைக்கு வெளியே வந்த ஃபோட்டான்களின் விகிதம்) எட்டியதையும் சேர்த்தேன். அதற்கு உதவியவை ஒளியை விழுங்காத மேலடுக்கு, ஒளியை எதிரொளிக்கும் ரோடியம் மின்முனை, லென்ஸ் போன்ற உறை: மூன்றுமே மீட்பு வேலை. முதலில் ரோடியம் மின்முனைப் படத்தின் கீழ் அந்தச் சொல்லை எழுதிப் பார்த்தேன், பொருந்தியது.
– கோவை

அச்சானது சரி. ஆனால் இழந்ததைத்தான் மீட்க முடியும். உள்ளே இருக்கும் ஒளி இன்னும் இழக்கப்படவில்லையே. என் ஓட்டு புறப்பாட்டுக்கே.
– தஞ்சை