ரம் வாசனை டீயும் அம்முண்டி ஆலையும்

போன மாசம் ஜெர்மனியில படிக்கிற எங்க அக்கா பையன் லீவுக்குக் காட்பாடி வந்தான். ஒரு தகர டப்பாவைக் கையில கொடுத்து, "உங்களுக்குத்தான் மாமா"ன்னான். மூடியைத் திறந்தேன். கூடம் முழுக்க ரம் வாசனை. சமையல்கட்டுல இருந்த அம்மா கரண்டியோட ஓடி வந்தாங்க.

"இன்னாடா இது, பட்டப்பகல்ல சாராய நாத்தம்?"

டப்பா மேல இருந்ததைப் பையன் படிச்சுச் சொன்னான். தேயிலை, வாசனைப் பொருள், அவ்வளவுதான். சாராயம் ஒரு சொட்டு கூட இல்ல. அம்மா நம்பல.

முதல் தடவை நான் கெடுத்துட்டேன். நம்ம வழக்கப்படி பால் ஊத்திக் கொதிக்கவிட, வாசனையெல்லாம் ஆவியோட போய், டம்ளர்ல மிஞ்சினது மருந்து ருசி. மறுநாள் தண்ணி தளதளன்னு கொதிச்சதும் அடுப்பை அணைச்சேன். ஒரு டம்ளருக்கு ஒரு சின்ன ஸ்பூன் தூள், மேல தட்டு மூடி மூணு நிமிஷம். வடிகட்டி, சர்க்கரைக்குப் பதிலா வெல்லம் ஒரு துண்டு. தட்டைத் தூக்கினப்போ அடியில முத்து முத்தா நின்ன தண்ணியில கூட அந்த மணம்.

அம்மா ஒரு வாய் குடிச்சிட்டு நின்னுட்டாங்க. "டேய், இது அம்முண்டி ஆலை வாசனைடா."

அப்பா வண்டியில கரும்பு ஏத்திக்கிட்டு அம்முண்டி சர்க்கரை ஆலைக்குப் போன காலம் அது. அந்த ரோட்டுல மொலாசஸ், அதான் சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சுற கருப்புப் பாகு, அந்த வாசனை தூக்கும். ரம்மைக் காய்ச்சுறதே பெரும்பாலும் அந்த மொலாசஸ்ல இருந்துதான். அம்மா மூக்கு சரியாத்தான் கண்டுபிடிச்சிருக்கு. இப்போ சாயங்காலம் ரெண்டு டம்ளர் போடுறேன், ஒண்ணு அவங்களுக்கு.

உங்க அனுபவத்தையும் சொல்லுங்க.

ஆம்பூரிலிருந்து ஒருவர்:
அண்ணே, எனக்குக் கிடைச்சது வேற ரகம். லாப்சாங் சூச்சோங், சீனாவுல ஃபூஜியன் பக்கத்து டீ. செயற்கை வாசனை எதுவும் சேர்க்கல. பைன் மர விறகுப் புகையில இலையைக் காய வைக்கிறாங்க. ஸ்காட்லாந்துல ஐலா தீவு விஸ்கிக்குப் பார்லியைப் பீட்டுன்னு சொல்ற மக்கின சதுப்பு மண்ணை எரிச்ச புகையில காய வைப்பாங்க, அதான் ரெண்டும் ஒரே ஜாடை. எனக்கு என்னவோ முதல் வாயிலேயே கல்யாண வீட்டு விறகடுப்புதான் ஞாபகம் வந்துச்சு. தம் உடைக்கிறப்போ வரும் பாருங்க, அந்தப் புகை. பிரியாணி சாப்பிட்ட அப்புறம் பால் இல்லாம ஒரு கப் குடிச்சுப் பாருங்க, அருமையா இருக்கும்.

குடியாத்தத்திலிருந்து ஒருவர்:
நான் குடியை விட்டு ஆறு வருஷம் ஆச்சு. ஃப்ரெண்ட் வீட்டுல இந்த ரம் டீயைக் குடிச்சேன். ருசி நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல, பழைய கடை வாசலே கண்ணுல நின்னுச்சு. சாராயம் இல்லன்னாலும் அந்த வாசனை போதும் எனக்கு. என்னை மாதிரி விட்டவங்க வீட்டுக்கு வந்தா, கேட்டுட்டு டப்பாவைத் திறங்க.