லஞ்சம் கேட்டதை ரகசியமாகப் பதிவு செய்தால் கோர்ட்டில் செல்லுமா?

வைகைக்கரை:
பட்டா மாறுதலுக்குப் பணம் கேட்டவரைப் போன மாதம் கையும் களவுமாகப் பிடித்தார்கள், புகார் கொடுத்தது என் அண்ணன். ரசாயனம் தடவிய நோட்டோடு, சட்டைப் பையில் சின்ன ரெக்கார்டர் ஒன்றையும் வைத்து அனுப்பியிருக்கிறார்கள். நோட்டைத் தொட்ட அவர் கையைக் கரைசலில் முக்கியதும் தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறியதை அண்ணன் நேரில் பார்த்தார். இப்போது எதிர்த்தரப்பில், ஒட்டுக்கேட்ட பதிவு செல்லாது என்கிறார்கள். உண்மையா?

கருப்புக்கோட்டு:
இது ஒட்டுக்கேட்பே இல்லை. பம்பாயில் மல்கானி என்ற அதிகாரி லஞ்சம் கேட்ட வழக்கில், எதிர்முனையில் பேசிய டாக்டரின் சம்மதத்தோடுதான் போலீஸ் அவர் போனில் டேப் ரெக்கார்டரை இணைத்தது, 1972இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பதிவை ஏற்றது. பேசுகிற இருவரில் ஒருவருக்குத் தெரிந்திருந்தால் போதும். ஆனால் உங்கள் வழக்கில், பிடிபட்ட பிறகு போலீசிடம் "ஆமாம், வாங்கினேன்" என்று அவர் ஒப்புக்கொண்டது பதிவாகியிருந்தாலும், அதைக் குற்றத்தை நிரூபிக்கப் பயன்படுத்த முடியாது.

தென்றல்77:
இரண்டு பேருக்கும் தெரியாமல் போலீஸ் போனைக் கேட்டால் கதையே வேறு. அதற்கு உள்துறைச் செயலாளர் மட்டத்தில் உத்தரவு வேண்டும், அதுவும் பொது அவசரநிலை அல்லது பொதுப் பாதுகாப்பு என்ற காரணம் இருந்தால்தான். சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் ஒரு சிபிஐ லஞ்ச வழக்கில் 2011ஆம் ஆண்டு ஒட்டுக்கேட்பு உத்தரவையே ரத்து செய்தது, குற்றத்தைக் கண்டுபிடிக்க மட்டும் இப்படிக் கேட்கத் தந்திச் சட்டம் இடம் தரவில்லை என்று. எனக்கு அது மிகச் சரியான தீர்ப்பாகவே படுகிறது, லஞ்சம் ஒழிய வேண்டும்தான், அதற்காக எல்லார் வீட்டுப் பேச்சையும் போலீஸ் கேட்க விட முடியுமா?

வைகைக்கரை:
நன்றி. இன்னொன்று, முதல் தடவை அவர் காசு கேட்டதை அண்ணன் தன் போனிலேயே பதிவு செய்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அந்த போன் திரை உடைந்துவிட்டது, எக்ஸ்சேஞ்சில் போடப் பார்க்கிறார்.

கருப்புக்கோட்டு:
தயவுசெய்து போடவே வேண்டாம்! நோட்டு கிடைத்தால் மட்டும் போதாது, அவர் கேட்டார் என்பதையும் நிரூபிக்க வேண்டும், அதற்கு அந்தப் பதிவு முக்கியம். 2024 ஜூலை முதல் புதிய சாட்சியச் சட்டம் 63ஆம் பிரிவுப்படி, மின்னணுப் பதிவோடு தரும் சான்றிதழில் ஹாஷ் மதிப்பும் (கோப்பில் சிறிது மாறினாலும் மாறிவிடும் அடையாளக் குறியீடு) எழுத வேண்டும், மூலப் பதிவு இல்லாமல் வாட்ஸ்அப் நகலை மட்டும் காட்டினால் வெட்டி ஒட்டியது என்று சொல்லிவிடுவார்கள். குரல் அவருடையதுதானா என்று பார்க்க மாஜிஸ்திரேட் குரல் மாதிரி கேட்கலாம், 2019இலிருந்தே அதற்கு வழி இருக்கிறது. போனை நாளைக்கே விசாரணை அதிகாரியிடம் ஒப்படைத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கச் சொல்லுங்கள்.