பிரவுன் வழக்கும் பார்பரா ஜான்ஸும்

கேள்வி:
அமெரிக்கப் பள்ளிகளில் நிறத்தின் அடிப்படையில் பிள்ளைகளைப் பிரித்து வைப்பது செல்லாது என்று 1954-இல் உச்ச நீதிமன்றம் அளித்த பிரவுன் தீர்ப்பில் ஐந்து வழக்குகள் அடங்கியிருந்தன என்றும், அவற்றுள் வர்ஜீனியா வழக்கு மட்டும் மாணவர்களின் வகுப்புப் புறக்கணிப்பிலிருந்து பிறந்தது என்றும் படித்தேன். அதை முன்னின்று நடத்திய பார்பரா ஜான்ஸுக்கு அப்போது 16 வயதுதான். அவர் பள்ளி முழுவதையும் எவ்வாறு திரட்டினார்? அவர் பெயர் ஏன் அதிகம் பேசப்படுவதில்லை?

மறுமொழி 1:
பார்பரா படித்தது வர்ஜீனியாவின் ஃபார்ம்வில் ஊரில் கறுப்பினப் பிள்ளைகளுக்கென இருந்த மோட்டன் உயர்நிலைப் பள்ளி. அது 180 மாணவர்களுக்காகக் கட்டப்பட்டது. 1951-இல் அங்கே 450-க்கும் மேற்பட்டோர் படித்தார்கள். இடப்பற்றாக்குறைக்குத் தீர்வாக எழுப்பப்பட்டவை தார்த்தாள் போர்த்திய கொட்டகைகள். மழை பெய்தால் கூரை ஒழுகும். குளிர்காலத்தில் கணப்படுப்பின் அருகில் இருந்தவர்கள் வியர்க்க, தள்ளி இருந்தவர்கள் மேலங்கியைக் கழற்றாமலே பாடம் எழுதினார்கள். ஏப்ரல் 23 அன்று பார்பராவின் குழுவினர், மாணவர்கள் சிலர் பேருந்து நிலையத்தில் வம்பில் மாட்டிக்கொண்டதாகத் தொலைபேசியில் சொல்லித் தலைமையாசிரியரை வெளியே அனுப்பிவிட்டு, அவர் எழுதியதைப் போன்ற சீட்டுகளை வகுப்புதோறும் அனுப்பி எல்லாரையும் அரங்கில் கூட்டினார்கள். திரை விலகியபோது மேடையில் நின்றவர் பார்பரா. ஆசிரியர்களை வெளியேறுமாறு கேட்டுக்கொண்ட அவர், காலணியைக் கழற்றி ஓங்கித் தட்டிப் பேசத் தொடங்கியதாகச் சொல்வார்கள். கள்ளச் சீட்டு என்று முகம் சுளிப்பவர்கள், நல்ல கட்டடம் கேட்டுப் பார்த்துச் சலித்த பெற்றோரையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

மறுமொழி 2:
ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். மாணவர்கள் முதலில் கேட்டது நல்ல கட்டடம் மட்டுமே. பிரிவினையையே எதிர்த்தால்தான் வழக்கை ஏற்போம் என்று ஆலிவர் ஹில், ஸ்பாட்ஸ்வுட் ராபின்சன் என்ற வழக்கறிஞர்கள் நிபந்தனை விதித்தார்கள். வழக்கோ 14 வயது டோரதி டேவிஸின் பெயரில் பதிவாகி, பின்னர் பிரவுன் என்ற பெயருக்குள் கரைந்துவிட்டது. பார்பராவின் பெயர் மறைந்ததற்கு இதுவே பெரிய காரணம் என்பது என் எண்ணம். அவர் ஊரிலும் இருக்கவில்லை. பாதுகாப்புக் கருதிப் பெற்றோர் அவரை அலபாமா மாநிலத்து மாண்ட்கமரியில் போதகராயிருந்த, தந்தையின் சகோதரர் வெர்னன் ஜான்ஸிடம் அனுப்பினார்கள். பின்னாளில் ஃபிலடெல்ஃபியாவில் நூலகராகப் பணியாற்றி 1991-இல் காலமானார்.

மறுமொழி 3:
தீர்ப்போடு கதை முடியவில்லை, நண்பரே. பிள்ளைகளைச் சேர்த்து உட்காரவைப்பதைவிடப் பள்ளிகளை மூடுவதே மேல் என்று முடிவெடுத்த பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டி (ஃபார்ம்வில் அடங்கிய மாவட்டம்), 1959 முதல் 1964 வரை அரசுப் பள்ளிகள் அனைத்தையும் பூட்டி வைத்தது. வெள்ளையர் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி திறக்கப்பட்டது. கறுப்பினப் பிள்ளைகளில் சிலர் வெளியூர் உறவினர் வீடுகளுக்குப் போனார்கள், பலர் படிப்பையே இழந்தார்கள்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. அந்த ஐந்து ஆண்டுகளைப் பற்றித் தனி இழையில் கேட்கிறேன்.