பிசிறு வெட்டினால் அனுபவம் இல்லையா? (கீழக்கரை கத்தரிக்கு)

ஊசிமுனை, மண்டபம்:
நேற்று ஓர் அக்கா, மகளை ஃபேஷன் டிசைன் படிப்பில் சேர்க்கலாமா என்று இங்கே கேட்டிருந்தார். அதற்குக் கீழக்கரை கத்தரி எழுதிய பதிலை அப்படியே தருகிறேன்: "வேண்டவே வேண்டாம். என் தங்கை மகள் மூன்று வருஷம் படித்தாள். தொழில் அனுபவம் என்று திருப்பூருக்கு 45 நாள் அனுப்பினார்கள். 45 நாளும் பனியனில் பிசிறு வெட்டிவிட்டு சர்டிபிகேட்டோடு வந்தாள். என் கடையில் ஆறு மாசம் உட்கார்ந்திருந்தால் கை ஓடியிருக்கும்." கேட்டவர் பயந்துபோய் மகளை பி.காம். சேர்க்கிறேன் என்று எழுதிவிட்டார்.

எரிச்சலில்தான் எழுதுகிறேன். நான் கோவையில் பி.எஸ்சி. காஸ்ட்யூம் டிசைன் அண்ட் ஃபேஷன், மூன்றாம் வருஷம். நானும் திருப்பூரில் 45 நாள் இருந்தேன். நானும் பிசிறு, அதாவது தையலில் தொங்கும் நூல் முனை, வெட்டினேன். ஆனால் ஒன்பது நாள்தான். மீதி நாளெல்லாம் செக்கிங் மேசை, கட்டிங், பேட்டர்ன் அறை. ரோலைப் பிரித்த பனியன் துணியை உடனே வெட்டக் கூடாது, ஒரு நாளாவது தளர விட வேண்டும் என்று எனக்கு அங்கேதான் உறைத்தது. அவசரத்தில் வெட்டிய ஒரு சாம்பிள் மேசையில் 68 செ.மீ. இருந்தது, துவைத்ததும் 65க்கு வந்துவிட்டது. கட்டிங் மாஸ்டர் திட்டவில்லை. அந்த பனியனை என் கையில் கொடுத்து நாள் முழுக்க வைத்திருக்கச் சொன்னார். திட்டியிருக்கலாம்.

கீழக்கரை கத்தரி:
பாப்பா, ஒன்பது நாள் வெட்டினேன் என்று நீயே ஒத்துக்கொண்டாய். நன்றி. காலேஜுக்குக் கட்டிய பணத்தில் ஒன்பது நாள் கூலி வேலை.

26 வருஷமாகத் தைக்கிறேன். அதில் 11 வருஷம் துபாயில். நிடா துணியில் அபாயா வெட்டும்போது துணி எந்தப் பக்கம் வழுக்கும் என்று விரல் சொல்லும், புத்தகம் சொல்லாது. நம் ஊர் உப்புக்காற்றில் ஊசி ஒரே ராத்திரியில் துருவேறும். கடையைச் சாத்தும்முன் ஊசியைக் கழற்றி எண்ணெய்த் துணியில் குத்தி வைக்க வேண்டும். இது எத்தனாவது செமஸ்டரில் வருகிறது? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

ஊசிமுனை, மண்டபம்:
பாப்பா என்று கூப்பிடாதீர்கள் பாய். அந்தச் சுரைக்காயையும் விட்டுவிடுங்கள், இந்தத் தளத்தில் வாரம் இரண்டு பேராவது அதை அறுக்கிறார்கள்.

ஒரு கேள்வி. பனியன் துணிக்கு எந்த ஊசி போடுவீர்கள்?

பெரியபட்டினத்தான், இப்போது திருப்பூர்:
பத்து வருஷமாக மெர்ச்சண்டைசராக, அதாவது பையர் (துணி வாங்கும் கம்பெனி) தரும் ஆர்டரைக் கவனிக்கிறவனாக, இருக்கிறேன். பிசிறு வெட்டுவதை இவ்வளவு இளக்காரமாகப் பேச வேண்டாம். 500 பீஸ் லாட் என்றால் பொதுவாக 50 பீஸை உருவிப் பார்ப்பார்கள். நீளமாகத் தொங்கும் நூல் சின்னக் குறைக் கணக்கில் சேரும். அதற்கு ஏற்கத்தக்க குறை அளவை (ஏ.க்யூ.எல்.) 4.0 என்று பையர் வைத்திருந்தால், அட்டவணைப்படி ஐந்து குறை வரை விடுவார்கள், ஆறு வந்தால் லாட்டே தேறாது. பிசிறு மேசையில் உட்காருகிறவளுக்குத்தான் எந்த இடத்தில் மெஷின்காரர் நூலை இழுத்து விடுகிறார், எந்தத் தையல் பிரியும் என்று கண் பழகும். வருகிற பிள்ளைகளை முதல் வாரம் வேண்டுமென்றே அங்கே உட்கார வைப்போம்.

கீழக்கரை கத்தரி:
ஆறு பிசிறு! ஆறு பிசிறைக் கண்டுபிடிக்க மூன்று வருஷப் படிப்பு! முதல் வாரம் என்கிறீர்கள். என் தங்கை மகளுக்கு முதல் வாரம் 45 நாள் ஓடியது. திருப்பூர் காலண்டர் வேறோ?

தொண்டி லாத்தா:
கத்தரி காக்கா, காலண்டரைப் பற்றி நீங்கள் பேசலாமா? போன பெருநாளுக்கு உங்களிடம் கொடுத்த அபாயா, பெருநாள் முடிந்து மூன்றாம் நாள் வந்தது. அதுவும் ஒரு கையில் பட்டன் இல்லாமல்.

கீழக்கரை கத்தரி:
அளவை மூன்று தடவை மாற்றிச் சொன்னது யார் லாத்தா? போன் மெசேஜ் இன்னும் இருக்கிறது, போடட்டுமா? பட்டன் நீங்கள் வாங்கித் தருகிறேன் என்றது.

தொண்டி லாத்தா:
போடுங்களேன். நான் பில்லைப் போடுகிறேன்.

உச்சிப்புளி அப்பா:
மன்னிக்கவும், நடுவில் நுழைகிறேன். சின்ன மகளுக்கு இதே படிப்புக்கு விண்ணப்பம் வாங்கி வைத்திருக்கிறேன். அந்த 45 நாள் தங்குகிற இடம், சாப்பாடு, பெண் பிள்ளைக்குப் பாதுகாப்பு இதையெல்லாம் காலேஜ் பார்க்குமா? அப்புறம் நிஃப்டும் இதுவும் ஒன்றா?

ஊசிமுனை, மண்டபம்:
ஒன்றில்லை ஐயா. நிஃப்ட் என்பது தேசிய ஃபேஷன் டெக்னாலஜி நிறுவனம், மத்திய அரசுடையது, சென்னையில் தரமணியில் 1995 முதல் இருக்கிறது. அங்கே பி.டெஸ். (டிசைன் பட்டம்) நான்கு வருஷம். எழுத்துத் தேர்வு தாண்டினால், கொடுக்கிற பொருளை வைத்து அங்கேயே ஒரு மாதிரி செய்யச் சொல்லும் தேர்வும் உண்டு. எங்களுடையது பல்கலைக்கழகத்தின் மூன்று வருஷ பி.எஸ்சி. ஒரே வருஷம் போதும் என்றால் ஐ.டி.ஐ.யில் ஃபேஷன் டிசைன், தையல் இரண்டுமே உண்டு. திருப்பூரில் எங்களுக்குக் கம்பெனி ஹாஸ்டலில் இடமும் சாப்பாடும் கிடைத்தது. ஐந்து பேராகப் போனோம், மேடம் வாரம் ஒரு முறை வந்தார். உதவித்தொகை கிடையாது.

கீழக்கரை கத்தரி:
எல்லாரும் கவனியுங்கள்: உதவித்தொகை கிடையாது. சும்மா பிசிறு!

தொண்டி லாத்தா:
உங்கள் கடையில் அந்த ஆறு மாசத்துக்குச் சம்பளம் எவ்வளவு காக்கா?

கீழக்கரை கத்தரி:
தொழில் சொல்லித் தருகிறேன், அதற்குச் சம்பளம் வேறா? இரண்டு வேளை டீயும் வடையும் உண்டு.

பரமக்குடி பாவு:
பாவு எது ஊடை எது என்று தெரியாதவர்களெல்லாம் டிசைனைப் பற்றிச் சண்டை போடுகிறீர்கள். எங்கள் வீட்டில் நாலு தலைமுறையாகத் தறி. போன வருஷம் காலேஜ் பிள்ளைகள் எட்டுப் பேர் வந்து தறியோடு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஒருத்திதான் குழியில் இறங்கி மிதித்துப் பார்த்தாள். அவளைப் படிக்க வையுங்கள், மற்ற ஏழு பேரைப் பாயிடம் அனுப்புங்கள்.

கீழக்கரை கத்தரி:
கடற்கரைக்காரர்கள் பேசும்போது பரமக்குடிக்கு என்ன வேலை?

பரமக்குடி பாவு:
மாவட்டம் ஒன்றுதானே? நீங்கள் வெட்டுகிற துணியைக் கடலா நெய்கிறது?

கீழக்கரை கத்தரி:
நான் வெட்டுவது நிடா. கப்பலில் வருகிறது. கடல்தான் கொண்டுவருகிறது.

சொல்லேருழவன், தேவிபட்டினம்:
இந்த விவாத இழையில் யாருமே 'ஆடை வடிவமைப்பு' என்று எழுதாதது வருத்தம். மற்றபடி, பிசிறு என்று வல்லின றகரம் போட்டிருக்கிறீர்கள், அது சரி. பிசிர் என்றால் நீர்த்துளி, பாண்டி நாட்டுப் பழைய ஊர் ஒன்றின் பெயரும்கூட. நேற்றைய இழையில் நான்கு இடத்தில் தவறாக இருந்தது.

பெரியபட்டினத்தான், இப்போது திருப்பூர்:
ஐயா, போன மாதம் நண்டுக் குழம்பு இழையிலும் இதையே செய்தீர்கள். குழம்பு ஆறிப்போனது.

ஊசிமுனை, மண்டபம்:
ஊசிக் கேள்விக்குப் பதில் வரவில்லை. அதற்குள் என் கடைசி வருஷ வேலையைச் சொல்கிறேன்.

என் அத்தை கடல்பாசி எடுக்கிறவர். சேலைக்கு மேல் மாமாவின் பழைய முழுக்கைச் சட்டை, விரல்களில் பாறை கிழிக்காமல் இருக்கத் துணிக் கிழிசல் சுற்றி, கண்ணாடி போட்டு முங்குவார். அவர்களுக்கு ஓர் உடுப்பு வடிவமைத்தேன். முதல் மாதிரியைப் பத்து நிமிஷத்தில் கழற்றிப் போட்டார். இடுப்புப் பையில் தண்ணீர் தேங்கி ஆளையே கீழே இழுத்ததாம். இரண்டாவதில் பையின் அடியை வலைத்துணியாக மாற்றினேன். பை சரியானது, உலோக ஜிப் உப்பில் இறுகிவிட்டது. பாறையில் உட்கார்ந்து நானும் அவருமாகப் பல்லால் கடித்துத் திறந்தோம். மூன்றாவதில் பிளாஸ்டிக் ஜிப், மணிக்கட்டில் இழுத்தால் விரியும் ரிப் துணி. இப்போது அதைத்தான் போட்டுக்கொண்டு போகிறார். விரலுக்கு மட்டும் இன்னும் கிழிசல்தான். நான் தைத்த கையுறையில் பாசி பிடிபடவில்லையாம்.

ரிப் துணியைத் தைக்கத் திருப்பூரில்தான் கற்றேன். தையல் எங்கே பிரியும் என்று பார்க்கப் பிசிறு மேசையில்.

கீழக்கரை கத்தரி:
அந்தச் சட்டையை நான் அரை மணி நேரத்தில் தைத்துத் தருவேன்.

ஊசிமுனை, மண்டபம்:
தைத்து விடுவீர்கள், சந்தேகமே இல்லை. பையை எங்கே வைப்பது, அடியில் எதைப் போடுவது என்று யார் சொன்னது?

கீழக்கரை கத்தரி:
உன் அத்தை சொன்னது! நீயே மேலே எழுதியிருக்கிறாய். அத்தை எந்தக் காலேஜ்?

பரமக்குடி பாவு:
இது நல்ல கேள்வி. பாய்க்கு ஒரு மார்க்.

ஊசிமுனை, மண்டபம்:
அத்தை "இழுக்குது" என்றுதான் சொன்னார். வலைத்துணி என்று சொல்லவில்லை. சரி, ஊசி?

கீழக்கரை கத்தரி:
நான் பனியன் தைப்பதில்லை. தேவையில்லாத ஊசியைப் பற்றி எனக்கு என்ன?

பெரியபட்டினத்தான், இப்போது திருப்பூர்:
பால்பாயிண்ட் ஊசி. முனை உருண்டையாக இருக்கும். சாதா ஊசி பின்னலின் இழையை வெட்டிவிடும், இரண்டு துவைப்பில் தையல் ஓரமாகப் பொத்தல் விழும். பாய், பையன்களுக்கு ஸ்போர்ட்ஸ் டி-ஷர்ட் ஆர்டர் எடுத்ததாக நீங்கள்தானே ஜனவரியில் எழுதினீர்கள்?

கீழக்கரை கத்தரி:
அது என் மச்சினன் கடை. பேச்சை மாற்ற வேண்டாம். 45 நாளா, இல்லையா?

உச்சிப்புளி அப்பா:
பாய், தவறாக நினைக்க வேண்டாம். உங்கள் தங்கை மகள் இப்போது என்ன செய்கிறார்?

தொண்டி லாத்தா:
நானும் அதைத்தான் கேட்க நினைத்தேன்.

கீழக்கரை கத்தரி:
பெங்களூரில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறாள். அது அவள் சாமர்த்தியம், காலேஜ் கொடுத்ததல்ல. பெருநாளுக்கு வந்தவள் என் கடையில் தொங்கிய அபாயாக்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "மாமா, இதில் பிசிறு இருக்கிறது" என்றாள். தூக்கி வளர்த்த மாமனிடம்!

பெரியபட்டினத்தான், இப்போது திருப்பூர்:
எத்தனை பீஸில் இருந்தது?

கீழக்கரை கத்தரி:
அது உங்களுக்குத் தேவையில்லை.

சொல்லேருழவன், தேவிபட்டினம்:
'குவாலிட்டி' அல்ல, தரம்.

தொண்டி லாத்தா:
என் அபாயாவில் இரண்டு இடத்தில் நூல் தொங்கியது. பட்டன் இல்லாத கையிலேயே.

கீழக்கரை கத்தரி:
லாத்தா, மெசேஜைப் போட்டுவிடுவேன். கடையில் பள்ளிக்கூட யூனிஃபார்ம் ஆர்டர் மலையாகக் குவிந்திருக்கிறது, ராத்திரி வந்து எழுதுகிறேன். 45 நாள். 45 நாளும்.

ஊசிமுனை, மண்டபம்:
ஒன்பது.

உச்சிப்புளி அப்பா:
விண்ணப்பத்துக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள். மேடம் வாரம் ஒரு முறை வந்தார் என்றீர்களே அம்மா, ஞாயிற்றுக்கிழமை வெளியே விடுவார்களா?