படமெடுக்கும்போது வைக்கும் துணை விளக்கான ஃபில் லைட்டுக்கு (fill light) "நிரப்பொளி" சரிதானா?

> ஃபில் லைட் = நிரப்பொளி. பழகிவிட்ட சொல், எதற்கு மாற்ற வேண்டும்?

ஐயா, பழகியது சரி, ஆனால் அந்த விளக்கு எதையும் நிரப்புவதில்லையே. கேமராவுக்குப் பக்கத்தில் வைப்பார்கள், முகம் முழுக்க விழும். ஒரு பக்கத்திலிருந்து அடிக்கும் முதன்மை விளக்கு (கீ லைட்) இரண்டு பங்கு, இது ஒரு பங்கு என்று வையுங்கள். வெளிச்சக் கன்னத்தில் இரண்டும் சேர்ந்து மூன்று, நிழல் கன்னத்தில் இது மட்டும், ஒன்று. நிழல் இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது, கடுமைதான் குறைகிறது. அதனால்தான் "தணிப்பொளி" என்கிறேன்.

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டில் ஆயாவின் படம் இரண்டு மாட்டியிருக்கிறது, 1958-ல் ஒரே நாளில் ஒரே ஸ்டூடியோவில் எடுத்தவை. முதல் படத்தில் ஜன்னல் பக்கத்துக் கன்னம் பளிச், மறுபக்கம் கரி. கண்ணுக்கு அந்த இருட்டுக்குள்ளும் ஏதாவது தெரிந்திருக்கும், பிலிமும் தாளும் சேர்ந்து விழுங்கிவிட்டன. அந்தப் பக்கத்துக் கம்மலில் ஏழு கல், தெரிவது புள்ளி மாதிரி ஒரே ஒரு கல். அப்புறம் படம் எடுத்தவர், தாத்தாவின் தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை வாங்கி விரித்து, ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பும்படி இருட்டுப் பக்கத்தில் அவரையே பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லியிருக்கிறார் (கை கடுத்த கதையைத் தாத்தா கடைசிவரை சொன்னார்). இரண்டாவது படத்தில் ஏழு கல்லையும் எண்ணலாம். ஆனாலும் கன்னம் உருண்டையாகவே இருக்கிறது, ஏனென்றால் நிழல் போகவில்லை. நிஜமாகவே நிரப்பியிருந்தால் முகம் அப்பளமாகியிருக்கும்.

1941 டிசம்பர் 30 அன்று ஒட்டாவாவில் யூசுப் கார்ஷ் எடுத்த சர்ச்சில் படத்தையும் ஒருமுறை பாருங்கள். சுருட்டைப் பிடுங்கிய கதையைத்தான் எல்லோரும் சொல்வார்கள், நான் பார்க்கச் சொல்வது அவர் போட்டிருக்கும் கோட்டு. அவ்வளவு இருட்டிலும் அதன் மடிப்பு தெரிகிறது.

> தணிப்பொளி என்றால் மங்கலாக்கிய வெளிச்சம் என்றல்லவா படிப்பார்கள்?

"தணியொளி" என்று வைத்தால் அந்தக் குழப்பம் வரும், தானே தணிகிற ஒளி என்று பொருள்படும். தணிப்பு பிறவினை, வேறொன்றைத் தணிப்பது. அப்படியும் உறுத்தினால் கலைச்சொல் பட்டியலில் முதல்முறை "நிழல் தணிப்பொளி" என்று முழுசாகப் போட்டுவிட்டு அடுத்த வரியிலிருந்து சுருக்கிக்கொள்ளலாம். முதன்மை ஒளி (கீ லைட்), விளிம்பொளி (ரிம் லைட், பின்னாலிருந்து விளிம்பைக் காட்டுவது) இரண்டிலும் எனக்குத் தகராறு இல்லை.