புதுப்பிப்பு: ஓவியருக்கான காட்சிக்கூடம், பட்டறை, வீடு ஒரே கூரையில்

இந்தக் கட்டடத்துக்கு முன்பு போட்ட வரைபடத்தில் சக்கர நாற்காலிக்கான சாய்தளம் 1:10, அதாவது 1 பங்கு உயரத்துக்கு 10 பங்கு நீளம். அதை மாற்றியாயிற்று. உள்தரை வெளித்தரையைவிட 450 மி.மீ. உயரம் என்பதால் 1:12 சரிவுக்கு 5.4 மீட்டர் ஓட்டம் வேண்டும். மேலும் கீழும் 1.5 மீட்டர் சமதளம் தனி. இடம் பற்றவில்லை என்று சரிவைக் கூட்டினால் சக்கர நாற்காலியில் இருப்பவர் அதைத் தாமே தள்ளி ஏற முடியாது, அவ்வளவுதான்.

கதவுகளுக்கு வரைபடத்தில் குறித்த 900 மி.மீ. அகலம் என்பது நிலையின் அளவல்ல, கதவு திறந்தபின் மிஞ்சும் வழி. பெரிய கேன்வாஸ் போகும் கதவுக்கு இதுவும் போதாது.

முந்தைய வரைபடத்தில் பட்டறையும் படுக்கையறையும் ஒரே சுவரைப் பகிர்ந்ததுதான் பெரிய தப்பு. வண்ணத்தை இளக்கும் டர்பென்டைனின் ஆவி காற்றைவிடக் கனமானது, கதவிடுக்கு வழியாகத் தரையோடு ஊர்ந்து வரும். நடுவே சேமிப்பறை நுழைத்து, உறிஞ்சு விசிறியைத் தாழ்வாக வைத்திருக்கிறோம். எண்ணெய் வண்ணத்தில் கலக்கும் ஆளி எண்ணெய் படிந்த துணிக்கு மூடியுள்ள இரும்புத் தொட்டி கட்டாயம். குவித்துப் போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கும்.

காட்சிக்கூடத்தில் நீர்வண்ணத்துக்கு வெளிச்சம் 50 லக்ஸ் (வெளிச்ச அலகு), எண்ணெய் ஓவியத்துக்கு 200. இரண்டுக்கும் ஒரே சுவிட்ச் வேண்டாம்.

கழுவுதொட்டியின் அடியில், சக்கர நாற்காலியில் இருப்பவரின் முழங்காலுக்கு 700 மி.மீ. உயரம் விட்டாயிற்று. வெந்நீர்க் குழாயை உறையிட்டு மூடுங்கள், கால் சுடும்.